கதம்பத்தில் கடம்பம்பூ எங்கே?

கேள்வி: பூக்கார அம்மாவிடம் இரண்டு முழம் கதம்பம் வாங்கி வந்தேன். "இதில் கடம்பம்பூ எங்கேம்மா?" என்கிறாள் கல்லூரியில் படிக்கும் மகள். கதம்பமும் கடம்பமும் ஒன்றா? கலவை என்பதும் இதுவும் ஒன்றுதானா?
- ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்.

பதில்: கேட்க வேண்டிய கேள்விதான். வடமொழியில் கதம்பம் என்றால் கடம்ப மரமும் உண்டு, திரள், கூட்டம் என்ற பொருளும் உண்டு. நம் பேச்சில் மரம் கடம்பு ஆகிவிட்டது. மதுரைக்குக் கடம்பவனம் என்ற பெயர் அதனால்தான். திரள் என்ற பொருள் மட்டும் கதம்பமாகப் பூக்கடைக்கு வந்து சேர்ந்தது. ஆகவே உங்கள் பூக்கார அம்மா ஏமாற்றவில்லை.

அவர் கட்டும்போது ஒருமுறை நின்று பாருங்கள். நனைத்த வாழைநாரில் மல்லி இரண்டு, எதிர்ப்பக்கம் இரண்டு, ஒரு முடிச்சு. அடுத்த கண்ணியில் கனகாம்பரம். அப்புறம் ஒரு கிள்ளு மரிக்கொழுந்து. கனகாம்பரத்துக்கு வாசனை கிடையாது, நிறத்துக்காக வருகிறது. மரிக்கொழுந்து பூவே இல்லை, வாசனைக்காக வருகிறது. எதையும் அள்ளிப்போட்டுக் கட்டுவதில்லை. அந்த விரல்களுக்கு வரிசை தெரியும்.

கலவையிலிருந்து கதம்பம் விலகுவது இங்கேதான் என்பேன். கொத்தனார் ‘கலவை கொண்டா’ என்று கேட்டால் சிமெண்டும் மணலும் தண்ணீரும் ஒன்றாகி வர வேண்டும். மணல் தனியாகத் தெரிந்தால் சித்தாளுக்குத் திட்டு விழும். கதம்பத்தில் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தால்தான் அழகு. கதம்ப சாம்பாரில் முருங்கை, கத்திரி, பூசணி மூன்றையும் இலையில் அடையாளம் காட்ட முடிய வேண்டும். குழைந்து கூழாகிவிட்டால் அதற்கு வேறு பெயர் வையுங்கள். தேர்தல் நேரத்தில் ‘கதம்பக் கூட்டணி’ என்று எழுதுகிறோமே, அது பூவுக்குச் செய்யும் அநியாயம்.

கேள்வி: கலம்பகம் என்ற இலக்கிய வகைக்கும் கதம்பத்துக்கும் தொடர்பு உண்டா?
- கல்லூரி மாணவர், தஞ்சாவூர்.

பதில்: சொல் வேறு, குணம் ஒன்று. பலவகைப் பூ கலந்த மாலைக்குக் கலம்பகம் என்று பெயர். தொண்டரடிப்பொடியாழ்வார் திருப்பள்ளியெழுச்சியில் அந்தப் பொருளில்தான் பாடுகிறார். பலவகைப் பாவும் உறுப்பு எனப்படும் பலவகைப் பாடல் பகுதிகளும் கலந்து வரும் நூலுக்கும் அதே பெயர் நின்றது. உறுப்புகள் 18. பாட்டுடைத் தலைவர், அதாவது யாரைப் பாடுகிறார்களோ அவர், தெய்வமானால் 100 பாடல், அரசரானால் 90, வணிகரானால் 50 என்று, இலக்கிய வகைகளுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்கள் அளவுகூட வைத்தன. (வேளாளருக்கு வெறும் 30. பூவில் பார்க்காத ஏற்றத்தாழ்வைப் பாட்டில் பார்த்திருக்கிறார்கள்!) கிடைத்திருப்பவற்றில் பழையது, பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் மேல் 9-ஆம் நூற்றாண்டில் பாடிய நந்திக் கலம்பகம். தேர்வுக்கு இது போதும்.

கேள்வி: அப்படியானால் கதம்ப வண்டு?
- ஒரு வாசகர், பட்டுக்கோட்டை.

பதில்: அது கொட்டும் குளவி. அதில் ஒரு கலப்பும் இல்லை ஐயா, முழுக்க விஷம். உங்கள் பக்கம் கதண்டு என்பார்களே, அதேதான். தென்னையிலோ பனையிலோ கூடு தெரிந்தால் பிள்ளைகளைக் கல்லெறிய விடாதீர்கள். தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னால், பெரும்பாலும் இருட்டிய பிறகு வந்து அழித்துக் கொடுப்பார்கள்.