நடுக்கடலில் கடை இல்லை: படகில் எடுத்துப்போக வேண்டிய உதிரிபாகங்களும் கருவிகளும் (கேள்வி பதில்)

பாய்மரப் படகில் மாதக்கணக்கில் சுற்றக் கிளம்புகிறவர்கள் என்னென்ன ஸ்பேர் பாகங்கள், என்னென்ன டூல்ஸ் எடுத்துப்போவது என்று கேட்டிருந்தார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். கேட்டவர்களில் பெரும்பாலோரிடம் 30 முதல் 45 அடி நீளத்தில், டீசல் எஞ்சின் வைத்த படகு இருப்பதால் அதை மனதில் வைத்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. கிடைக்கிற பட்டியல்களில் உள்ளதையெல்லாம் வாங்கினால் படகில் நாங்கள் படுக்க இடம் இருக்காது.

பட்டியலை மூடிவைத்துவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு படகை முன்னிருந்து பின் வரை ஒரு சுற்று வாருங்கள். ஒவ்வொரு கருவியின் முன்னாலும் நின்று மூன்று கேள்வி கேளுங்கள். இது செத்துப்போனால் படகு மிதப்பதோ, திரும்புவதோ, நகர்வதோ, நமக்குக் குடிதண்ணீர் கிடைப்பதோ நின்றுபோகுமா? போகும் என்றால், வேறு வழி படகிலேயே இருக்கிறதா? மாற்றுப் பாகம் கையில் இருந்தால், ஆடுகிற படகில் அதை நானே மாட்டிவிடுவேனா?

மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் கேட்பதில்லை. டீசல் இன்ஜெக்‌ஷன் பம்ப்பைப் பிரித்துச் சரிசெய்ய பட்டறையும் சோதனை மேடையும் வேண்டும். அதற்கான கிட்டை வாங்கிச் சுமப்பது வீண். டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் சின்ன லிஃப்ட் பம்ப் அப்படியில்லை. பெரும்பாலும் இரண்டு போல்ட், இரண்டு குழாய், அவ்வளவுதான். அதில் ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் நின்றால் எரிச்சல் வரும், பயணம் நிற்காது. அதை விட்டுவிடலாம்.

கேள்வி: இம்பெல்லர் ஒன்று கூடுதலாக வாங்கியிருக்கிறேன். போதுமா?

போதாது. எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரை இழுக்கும் பம்ப்புக்குள் இருக்கிற ரப்பர் சக்கரம் அது. தண்ணீர்தான் அதற்கு மசகும். சீகாக் வால்வை (படகின் அடிப்புறத் துளையில் கடல்நீரைத் திறந்து மூடும் வால்வு) திறக்க மறந்தாலோ, ஒரு பிளாஸ்டிக் பை வந்து வாயை அடைத்தாலோ, ஒரு நிமிடத்துக்குள்ளேயே இதழ்கள் கருகிப் பிய்ந்துவிடலாம். அதனால் குறைந்தது மூன்று வையுங்கள். மூடியின் கேஸ்கெட்டோ ஓரிங்கோ நாலைந்து வேண்டும். மூடியைப் பிடிக்கும் சின்னப் பித்தளைத் திருகுகளிலும் அரை டஜன் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பில்ஜுக்குள், அதாவது தண்ணீர் தேங்கும் படகின் அடிப்பள்ளத்துக்குள், விழுவதற்கென்றே செய்த திருகுகள் அவை!

மாற்றும்போது ஒரு விஷயம் முக்கியம். பழைய சக்கரத்தை மேசையில் வைத்து இதழ்களை எண்ணுங்கள். பிய்ந்த துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பாருங்கள், சக்கரம் முழுதாக வர வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அது உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். பம்ப்பை அடுத்த வளைவிலோ, கடல்நீரால் எஞ்சின் சூட்டைத் தணிக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயிலோ அது உட்கார்ந்திருக்கும். அதை எடுக்காமல் புது இம்பெல்லர் போட்டால் எஞ்சின் மறுபடியும் சூடாகும்; நீங்களும் சம்பந்தமில்லாத இடத்தில் கோளாறு தேடிக்கொண்டிருப்பீர்கள்.

புதியதை நுழைக்க கிளிசரினோ பாத்திரம் கழுவும் சோப்போ தடவுங்கள். பெட்ரோலிய கிரீஸ் ரப்பருக்கு ஆகாது. இதழ்கள் எந்தப் பக்கம் மடிந்தால் சரி என்று குழம்பவும் வேண்டாம், முதல் சுற்றிலேயே தானாகத் திரும்பிவிடும்.

நீண்ட பயணம் என்றால் முழுப் பம்ப் ஒன்றையும் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். தண்டின் சீல் தேய்ந்தால் பம்ப்பின் அடியிலுள்ள சின்ன ஓட்டை வழியே உப்புத் தண்ணீர் சொட்டும். கொஞ்ச நாளில் பேரிங்கும் போகும். பேரிங்கை அழுத்தி ஏற்றுவது ஆடுகிற படகில் நடக்கிற காரியமில்லை. பம்ப்பையே கழற்றி மாட்டுவது முடியும்.

கேள்வி: டீசல் ஃபில்டர் எத்தனை வேண்டும்? வருடத்துக்கு ஒன்றுதான் மாற்றுகிறேன்.

அமைதியான தண்ணீரில் ஓட்டுகிறவருக்கு அந்தக் கணக்கு சரி. கடல் கொந்தளித்தால் டேங்கின் அடியில் வருடக்கணக்காகப் படிந்த கசடெல்லாம் கலங்கி எழும். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து வழவழப்பாக ஒரு படலம் கட்டியிருக்கும், அதுவும் சேர்ந்து வரும். அப்போது ஒரே நாளில் நாலு ஃபில்டர் அடைபடலாம். பெருங்கடலைக் கடப்பதானால் முதல்நிலை ஃபில்டர் ஒரு டஜன், எஞ்சினோடு ஒட்டிய நுண் ஃபில்டர் நாலைந்து வையுங்கள். முதல்நிலையில் 2 மைக்ரான் (அத்தனை சின்னத் துகளையும் பிடிக்கும்) ஃபில்டர் போட்டால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். 10 அல்லது 30 போட்டு, மிச்சத்தை எஞ்சின் ஃபில்டர் பார்த்துக்கொள்ளட்டும்.

ஃபில்டர் மாற்றியதும் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அங்கே வரும் செம்பு வாஷர்கள் நசுங்கித்தான் அடைக்கும், திரும்பப் போட்டால் கசியலாம். ஒரு பொட்டலம் வாங்கிவையுங்கள், இடமே பிடிக்காது.

கேள்வி: வாங்கிய ஸ்பேரைப் பெட்டி பிரிக்காமல் பத்திரமாக வைப்பது நல்லதா?

இல்லை. பிரித்து, படகில் மாட்டி, ஓட்டிப் பாருங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழையதைத் துடைத்து ஸ்பேராக வையுங்கள்.

பெட்டியின் மேல் சரியான எண் இருக்கும், உள்ளே வேறு பாகம் இருக்கும். ஆல்டர்னேட்டர் அச்சு அசலாக இருக்கும், ஆனால் புல்லி சில மில்லிமீட்டர் தள்ளி நிற்கும், பெல்ட் நேராக ஓடாது. இதெல்லாம் கரையில் தெரிந்தால் திருப்பிக் கொடுக்கலாம். இன்னொரு லாபம், எந்த டூல் வேண்டும் என்று அப்போதுதான் தெரியும். ஸ்டார்ட்டர் மோட்டாரின் கீழ் போல்ட்டுக்கு நீள எக்ஸ்டென்ஷனும் வளையும் மூட்டும் இல்லாமல் கை போகவே போகாது என்பதைத் துறைமுகத்தில் கண்டுபிடிப்பது நல்லது. கண்டுபிடித்ததும் அந்த எக்ஸ்டென்ஷனை ஸ்பேரோடு ஒரே பையில் கட்டிவிடுங்கள். பாகமும் அதை மாட்டுகிற கருவியும் ஜோடி. தனித்தனியாகக் கிடந்தால் இரண்டும் வெறும் சுமைதான்.

கேள்வி: ஸ்பேனர் செட் மெட்ரிக் போதுமா, அங்குல அளவும் வேண்டுமா சார்?

படகைப் பொறுத்தது. ஜப்பானிய, ஐரோப்பிய எஞ்சின் என்றால் மெட்ரிக். மேல்தளச் சாமான்கள் அமெரிக்கத் தயாரிப்பாக இருந்தால் அங்குலம். இரண்டும் கலந்த படகுகள் ஏராளம். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அதில் 13 ஸ்பேனரை மாட்டினால் பிடித்த மாதிரி இருக்கும், இறுகிய போல்ட் என்றால் முனை மழுங்கி உருண்டையாகிவிடும்.

ஸ்பேனரைவிடக் குழாய் மரைதான் அதிகம் ஏமாற்றும். பிரிட்டிஷ் குழாய் மரையின் கோணம் 55 டிகிரி, அமெரிக்க மரைக்கு 60. அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 மரைதான். அதனால் ஒன்றுக்குள் ஒன்று சில சுற்று சுகமாக ஏறும், சரியாகத்தான் இருக்கிறது என்று நினைப்போம். பிடிப்பு பாதிதான், எவ்வளவு டேப் சுற்றினாலும் நம்ப முடியாது. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இந்தக் கலப்பு கூடவே கூடாது. சீகாக், வால்வு வாங்குவதற்கு முன் உங்கள் படகில் எந்த மரை என்று பார்த்து எழுதிவையுங்கள்.

கேள்வி: டூல்ஸ் எல்லாம் துருப்பிடித்துவிடுகிறது.

இரும்பு டூல்பாக்ஸைத் தூக்கிப் போடுங்கள். துணிப்பை அல்லது பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே எண்ணெய் துடைத்த துணி. அபூர்வமாக எடுப்பதை வேக்யூம் பையில் அடைத்துவிடுங்கள். ஸ்க்ரூ டிரைவரும் ஆலன் கீயும் நல்லதாக வாங்குங்கள். மலிவானவை திருகின் தலையைச் சிதைத்துவிடும். அலுமினியத்தில் இறுகிப்போன ஸ்டெயின்லெஸ் திருகுக்குச் சுத்தியலால் அடிக்கிற இம்பாக்ட் டிரைவர் ஒன்று வேண்டும். ஹேக்சா பிளேடு மட்டும் கணக்குப் பார்க்காமல் வாங்கலாம்.

கேள்வி: மின்சாரம் என்றாலே எனக்குப் பயம். எதை வைத்துக்கொள்வது?

12 வோல்ட் ஷாக் அடிக்காது, தீதான் வைக்கும். அதனால் பயம் ஃப்யூஸ் விஷயத்தில் இருக்கட்டும். படகிலுள்ள ஒவ்வொரு வகை ஃப்யூஸிலும் கூடுதல் வையுங்கள், பேட்டரி பக்கத்தில் யாரும் எட்டிப் பார்க்காத அந்தப் பெரிய ஃப்யூஸ் உட்பட. அது இல்லாமல் போனால்தான் ஆளுக்கு ஆள் கம்பியைச் சுற்றி வேலையைக் கெடுப்பார்கள்.

படகு மின்கோளாறுகளில் பெரும்பங்கு கருவியில் இருக்காது, இணைப்பில்தான் இருக்கும். விளக்கு மங்கலாக எரிகிறது என்று வையுங்கள். விளக்கை எரியவிட்டபடியே மல்டிமீட்டரை எடுங்கள். பேட்டரியில் 12.6, விளக்கின் முனையில் 11.1 என்றால் ஒன்றரை வோல்ட்டை வழியில் யாரோ தின்கிறார்கள். ஒவ்வொரு இணைப்பாகப் பின்னோக்கி வாருங்கள். எண் சட்டென்று ஏறுகிற இடத்துக்கும் அதற்கு முன் பார்த்த இடத்துக்கும் நடுவில் பச்சை பூத்த ஒரு முனை இருக்கும். நேர் பக்கம் சுத்தமாக இருந்தால் எர்த் பக்கத்தையும் இதே போல் பாருங்கள். வெட்டிவிட்டுப் புதிய முனை போடுங்கள். இதற்கு வேண்டியது ஈயம் பூசிய செம்பு வயர், உள்ளே பசையுள்ள ஹீட்-ஷ்ரிங்க் டெர்மினல்கள் (சூடுபட்டால் சுருங்கி ஒட்டும் உறையுள்ள முனைகள்), முனையை வயரோடு அழுத்திப் பிடிக்கவைக்கும் ராட்செட் கிரிம்பர். சாதாரணக் குறட்டால் நசுக்கிய முனை சீக்கிரம் கழன்றுவரும்.

பில்ஜ் பம்ப் முழுதாக ஒன்று, மிதவை ஸ்விட்ச் இரண்டு. இவற்றில் சிக்கனம் வேண்டாம்.

கேள்வி: டாய்லெட்டுக்கும் ஸ்பேர் வேண்டுமா?

சிரிக்காமல் வாங்குங்கள். முழு கிட் ஒன்று, கழிவு திரும்பி வராமல் தடுக்கும் ரப்பர் வால்வான ஜோக்கர் வால்வு தனியாக இரண்டு. உப்புப் படிவு ஏறி அந்த ரப்பர் விறைத்துப்போனால் வெளியே தள்ளியது திரும்பி வரும்.

கேள்வி: பாய்மரத்தைத் தாங்கும் கம்பி அறுந்தால்? அத்தனை நீளக் கம்பியைச் சுமப்பதா?

முன்பெல்லாம் படகின் மிக நீளமான கம்பியின் அளவுக்கு ஒரு சுருளும், கையால் மாட்டக்கூடிய முனைகளும் எடுத்துப்போவார்கள். இப்போதும் அது நல்ல வழிதான். ஆனால் அந்த முனைகளுக்குள் வரும் கூம்பைக் கழற்றிப் போட்டால் புதியதுதான் வேண்டும், கூடுதல் கூம்புகள் வையுங்கள். இடமில்லாதவர்களுக்கு டைனீமா என்கிற, மிக வலுவான செயற்கை இழைக் கயிறு போதும். எடை குறைவு, மெஷின் இல்லாமல் கையாலேயே கண்ணி முடையலாம். புதிதாக முடைந்த கண்ணி முதலில் கொஞ்சம் இளகும், ஆகவே மறுபடி இழுத்துக் கட்ட வழி விடுங்கள். கூர்மையான விளிம்பில் உரச விடாதீர்கள்.

கம்பி எப்போது அறும் என்று முன்கூட்டியே பார்க்க முடியும். நசுக்கி இறுக்கிய முனைக்குள் கம்பி நுழைகிற இடத்தைத் துணியால் துடையுங்கள். ஒரு இழை துணியில் மாட்டினாலே அந்தக் கம்பிக்கு ஓய்வு கொடுங்கள்.

பாய்மரமே விழுந்துவிட்டால் கதை வேறு. அது பக்கத்தில் தொங்கிக்கொண்டு ஒவ்வொரு அலைக்கும் படகை இடிக்கும், சில சமயம் ஓட்டையும் போடும். காப்பாற்ற வழியில்லை என்றால் சீக்கிரம் விடுவிக்க வேண்டும். கம்பியை வெட்டுவதைவிட அதன் அடியில் அதைப் படகோடு பிணைக்கும் உலோகப் பின்னை (pin) அடித்து வெளியேற்றுவது பல நேரம் வேகமானது. அதற்கு, பின்னின் மேல் வைத்து அடிக்கும் இரும்பு பஞ்ச் (punch) ஒன்றும் கனமான சுத்தியலும் வேண்டும். பின்னைப் பூட்டும் கோட்டர் பின்னின் கால்களை முழுக்கச் சுருட்டி வைத்திருந்தால் அவசரத்தில் வராது, லேசாக விரித்தால் போதும். கட்டர் வாங்கினால், உங்கள் கம்பியின் அதே தடிமனில் ஒரு துண்டைக் கரையில் வெட்டிப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

கேள்வி: தண்ணீர் உள்ளே வந்தால்?

அடிப்புறத் துளை ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதற்கேற்ற மரத் தக்கையை நூலால் கட்டிவையுங்கள், அலமாரியில் வேண்டாம். தண்ணீருக்கடியில் இறுகும் எபாக்ஸி ஒரு டப்பா. ஹோஸ் கிளாம்ப் எல்லா அளவிலும். வாங்கும்போது கையில் ஒரு காந்தம் கொண்டுபோங்கள். பட்டை ஸ்டெயின்லெஸ், திருகு மட்டும் சாதா இரும்பு என்று விற்பதுண்டு. திருகில் காந்தம் நன்றாக ஒட்டினால் வாங்காதீர்கள். வெறும் மெத்தையைத் திணித்து ஓட்டையை அடைக்கவும் தயங்க வேண்டாம், ஆபத்துக்குப் பாவமில்லை.

கேள்வி: ஏதாவது குறைந்தால் போகிற நாட்டில் வரவழைத்துக்கொள்ளலாமே?

வரவழைக்கலாம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது அங்கே புரியும். பல நாடுகளில், கடந்துபோகிற வெளிநாட்டுப் படகுக்கான பாகத்துக்குச் சுங்க வரிச் சலுகை உண்டு. பார்சலின் மேலும் ரசீதிலும் அப்படி எழுதியிருக்க வேண்டும், காகித வேலைக்கு நாலு நாள் பொறுமையும் வேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும் எஞ்சின் கம்பெனியிடம் கேட்க வேண்டியதில்லை. பேரிங்கின் பக்கவாட்டில் 6203, 6204 என்று எண் இருக்கும். ஆயில் சீலில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் இருக்கும். இவை உலகப் பொது அளவுகள். எந்தத் தொழில் நகரத்திலும் டிராக்டர், லாரி பாகக் கடையில் கிடைக்கும். எஞ்சின், கியர்பாக்ஸ், பம்ப் பெயர்த்தகடுகளைப் போட்டோ எடுத்து, சீரியல் எண்ணைக் காகிதத்திலும் எழுதிவையுங்கள்.

கேள்வி: ரிப்பேர் எல்லாம் என் கணவர்தான் பார்க்கிறார். நடுக்கடலில் அவருக்கு உடம்பு முடியாமல் போனால் நான் என்ன செய்வது?

எத்தனை ஸ்பேர் வாங்கினாலும் இந்தக் கேள்வியைக் கேட்காத படகு தயாராகவில்லை என்பேன். எல்லாம் கற்க வேண்டாம், மூன்று வேலை போதும்: இம்பெல்லர் மாற்றுவது, டீசல் ஃபில்டர் மாற்றிக் காற்று எடுப்பது, சுக்கான் சக்கரம் செயலிழந்தால் அவசரக் கைப்பிடியை மாட்டுவது. ஒவ்வொன்றையும் கரையிலேயே நீங்கள் தனியாகச் செய்யுங்கள். அவர் மேல்தளத்தில் இருக்கட்டும், இடையில் வாய் திறக்கக் கூடாது. எந்த ஸ்பேனர், எந்தத் திசை என்று உங்கள் கையெழுத்திலேயே அட்டையில் எழுதி அந்தந்தப் பைக்குள் போடுங்கள்.

அவசரக் கைப்பிடியை முதலில் பாருங்கள். பல படகுகளில் அது வந்த நாளிலிருந்து யாரும் மாட்டியதே இல்லை. சிலவற்றில் பின் அறையின் மெத்தையைத் தூக்கினால்தான் சுக்கான் தண்டின் தலை தெரியும். சிலவற்றில் கைப்பிடி ஸ்டீயரிங் சக்கரத்தில் இடிக்கும், சக்கரத்தைக் கழற்ற வேண்டியிருக்கும். அந்த நட்டுக்குப் பெரிய ஸ்பேனர் தேவை, அது சாதாரண செட்டில் வராது. அளந்து வாங்குங்கள்.