தலையில்லாத சுவரொட்டி – கடிதம்

வணக்கம் ஐயா,

விலங்குகள் நலனுக்காகப் பணியாற்றும் ஒரு சிறு குழுவில் தன்னார்வலராக இருக்கிறேன். இறைச்சியைக் கைவிடச் சொல்லும் ஒரு சுவரொட்டி தயாராகிறது. பருமனான ஒருவரின் வயிறு மட்டும் தெரியும் படம், பக்கத்தில் ஒரு பன்றி, கீழே ஒரு கேலி வாசகம். இது உருவக்கேலி என்று நான் சொன்னேன். “கொல்லப்படும் உயிர்களுக்கு முன்னால் சிலருடைய மனவருத்தம் பெரிதா? அதிர்ச்சி கொடுத்தால்தான் திரும்பிப் பார்ப்பார்கள்” என்றார்கள். குழுவில் பருமனாக இருக்கும் ஒரு நண்பரே சிரித்துக்கொண்டு, “எனக்கு ஒன்றுமில்லை, அச்சடியுங்கள்” என்றுவிட்டார். நான் மிகையாக உணர்ச்சிவசப்படுகிறேனா? குழுவில் நீடிப்பதா, விலகுவதா? இன்னொன்று: பருமனானவர்களைச் சிரிப்புக்காகவே படைக்கும் எழுத்தாளர்களுக்கு இதைக் கண்டிக்கத் தகுதி உண்டா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

எழுத்தாளர்களின் தகுதியைப் பார்க்க உட்கார்ந்தால் உலகத்தில் எதையுமே கண்டிக்க ஆள் கிடைக்காது. அதை விடுங்கள். “மிகையாக உணர்ச்சிவசப்படுகிறேனா” என்ற கேள்விக்கும் நான் பதில் சொல்லப் போவதில்லை. ஒன்று தவறு என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அதற்காகப் பட்ட வருத்தத்தின் அளவு சரிதானா என்று ஊராரிடம் போய்ச் சரிபார்த்துக்கொண்டிருப்பது என்ன பழக்கம்?

உங்கள் கடிதத்தில் நான் நின்றுபோன இடம் வேறு. ‘வயிறு மட்டும் தெரியும் படம்’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஏன் வயிறு மட்டும்? அந்த மனிதரின் தலை எங்கே?

கொஞ்ச காலமாகவே இதைக் கவனித்து வருகிறேன். உடல் பருமன் பற்றிய செய்தியா, விழிப்புணர்வுப் பிரசுரமா, எதை எடுத்தாலும் கழுத்துக்குக் கீழே தொடங்கி முழங்காலுக்கு மேலே முடிந்துவிடும் ஒரு உடம்பு இருக்கிறது. பிரிட்டனைச் சேர்ந்த செயற்பாட்டாளர் சார்லட் கூப்பர் 2007இலேயே இதைச் சுட்டிக்காட்டி, ‘தலையில்லாத குண்டு மனிதர்கள்’ என்று இந்தப் படங்களுக்குப் பெயரும் வைத்தார். அவரும் பருமனானவர், அதை மறைக்காமல் பேசுபவர். அடையாளம் தெரியக்கூடாது என்ற நல்லெண்ணத்தில்தான் தலையை வெட்டுகிறோம் என்பார்கள். நல்லெண்ணம் இருந்தால் அந்த மனிதரிடம் அனுமதி கேட்டிருக்கலாம், கேட்டால் மறுத்துவிடுவார் என்பதால்தானே முதுகுப்பக்கமிருந்து எடுக்கிறார்கள்? தலை இருந்தால் கண் இருக்கும். கண் இருந்தால் அவர் நம்மைத் திருப்பிப் பார்ப்பார். அப்படிப் பார்க்கிறவரை வைத்துச் சிரிப்பது சற்றுச் சிரமம்.

முகத்தைக் காட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லவில்லை. அட்லாண்டாவில் ஒரு குழந்தைகள் மருத்துவமனை 2011இல் நடத்திய இயக்கத்தில் பருமனான சிறுவர் சிறுமியரின் முகங்கள் கறுப்பு வெள்ளையில் நேராகவே நம்மைப் பார்த்தன. கீழே பெரிய எழுத்தில் ‘எச்சரிக்கை’. விஷப் புட்டியில் ஒட்டுகிற சொல்லைக் குழந்தையின் நெஞ்சில் ஒட்டினார்கள். நியூயார்க் நகரின் சுகாதாரத் துறை 2012இல் இன்னும் ஒரு படி மேலே போனது. நீரிழிவு வந்தால் காலை இழக்க நேரும் என்று காட்டுவதற்காக, விலைக்கு வாங்கிய ஒரு படத்தில் இருந்த பருமனான மனிதரின் காலைக் கணினியில் அழித்துவிட்டு, பக்கத்தில் ஊன்றுகோல்களையும் வைத்தார்கள். அந்த மனிதருக்கு இரண்டு காலும் இருந்தன. தலையோ காலோ, எதை வெட்டினாலும் கேட்க ஆளில்லாத உடம்பு என்று நினைத்துவிட்டார்கள்.

என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு அக்காவை நினைத்துக்கொள்கிறேன். என்னைவிடப் பல வயது மூத்தவர், கணக்கில் புலி, கனத்த உடம்பு. மருத்துவர் சொன்னதன் பேரில் தினமும் காலையில் பூங்காவில் நடந்துவிட்டுத்தான் வேலைக்கு வருவார். ஒருநாள் எங்கள் அலுவலகப் பலகையில் உடற்பயிற்சியை வலியுறுத்தும் சுவரொட்டி ஒன்றை யாரோ ஒட்டினார்கள். பின்னாலிருந்து எடுத்த படம், கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை. ‘இப்படி ஆவதற்குள் எழுந்து நடங்கள்’ என்று வாசகம். கையில் இருந்த பையை வைத்து நாங்கள்தான் முதலில் அடையாளம் கண்டோம். நடந்துகொண்டிருந்த பெண்ணை எடுத்து, நடக்காதவர்களுக்கு உதாரணமாகப் போட்டிருந்தார்கள்!

அக்கா சிரித்தார். “பரவாயில்லை, நான் மாடல் ஆகிவிட்டேன்” என்றார். எல்லோரும் சேர்ந்து சிரித்தோம். அதன் பிறகு அவர் பூங்காவுக்குப் போகவில்லை. காரணமும் சொல்லவில்லை. முழங்கால் வலி என்று சில நாள், மழை என்று சில நாள். பிறகு அந்தப் பேச்சே நின்றுவிட்டது.

எனவே உங்கள் குழு நண்பரின் சிரிப்பை எனக்கு ஆதாரமாகக் காட்டாதீர்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் வேறு என்னதான் செய்வார்? அழுதால் அதையும் ஒரு சுவரொட்டியாக்கிவிடுவீர்கள் என்ற பயம் அவருக்கு இருக்காதா? ‘அவரே சொல்லிவிட்டார்’ என்று அவர் தலையில் பொறுப்பைக் கட்டியவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. அதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்ட உங்கள்மேலும்தான்.

அவமானப்படுத்தினால் திருந்துவார்கள் என்பது பழைய மூடநம்பிக்கை. அமெரிக்காவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 2006இலும் மறுபடி 2010இலும் ஆராய்ந்து ஒரு முடிவை வெளியிட்டார்கள். முதலில் பருமன் வரம்பைத் தொடாமல் இருந்தவர்களில், எடையைக் காரணம் காட்டிப் பாகுபாட்டுக்கு உள்ளானவர்கள் பின்னால் அந்த வரம்பைத் தாண்டும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு இருந்ததாம். எங்கள் அலுவலகப் பலகையைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இல்லை.

ஏன் இப்படிப்பட்ட சுவரொட்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன? அவை பருமனானவர்களிடம் பேசுவதே இல்லை. அவர்களைப் பற்றி ஒல்லியானவர்களிடம் பேசுகின்றன. பார்க்கிற ஒல்லியானவருக்கு ‘நான் அப்படி இல்லை’ என்ற சுகம் இலவசமாகக் கிடைக்கிறது. அந்தச் சுகத்தோடு அவர் வீட்டுக்குப் போய் வழக்கம்போல இறைச்சி சாப்பிடுவார். உங்கள் நோக்கத்துக்கு இதில் என்ன லாபம்?

பீட்டா அமைப்பு 2009இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஜாக்சன்வில் நகரில் ஒரு விளம்பரப் பலகை வைத்தது. நீச்சலுடையில் ஒரு பருமனான பெண்ணின் உருவம். ‘திமிங்கிலங்களைக் காப்பாற்றுங்கள், கொழுப்பைக் குறையுங்கள், சைவத்துக்கு மாறுங்கள்’ என்ற பொருளில் வாசகம். திமிங்கிலம் என்றது அந்தப் பெண்ணைத்தான். எதிர்ப்பு கிளம்பியதும் எடுத்துவிட்டார்கள். எடுத்த இடத்தில் வைத்த புதிய பலகையும் எடை குறைவதைப் பற்றிய இன்னொரு குத்தல்தான். இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. திமிங்கிலத்தை மனிதன் நூற்றாண்டுக் கணக்கில் வேட்டையாடியதே பெரும்பாலும் அதன் கொழுப்புக்காகத்தான். விளக்கெரிக்கவும் எந்திரங்களுக்கு மசகாகவும் அதை உருக்கி எண்ணெய் எடுத்தார்கள். குளிர்ந்த கடலில் அந்த விலங்கின் உயிரைக் காப்பதே அந்தக் கொழுப்புதான். உயிர்களுக்காகப் பேசுகிற ஒரு அமைப்பு அதையே வசைச் சொல்லாக்கிவிட்டது. அந்தப் பலகை எந்தத் திமிங்கிலத்துக்கும் உதவியதாகத் தெரியவில்லை.

உங்கள் பன்றிக்கும் இதே கதிதான். அது அங்கே நிற்பது பன்றியாக அல்ல, திட்டுச் சொல்லாக. விலங்கை இழிவுபடுத்தி விலங்குக்குப் பரிந்து பேசும் சாமர்த்தியம் எனக்குப் புரியவில்லை.

வணிக விளம்பரம் அவமானப்படுத்தினால் எதிர்ப்பதாவது எளிது. ‘கடற்கரைக்கு உங்கள் உடல் தயாரா’ என்று 2015இல் லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் ஒரு நிறுவனம் கேட்டபோது மக்கள் பொங்கினார்கள். உடலைப் பற்றித் தாழ்வுணர்ச்சி ஊட்டும் விளம்பரங்கள் நகரப் போக்குவரத்தில் இனி இருக்கக்கூடாது என்று அடுத்த ஆண்டே மேயர் சாதிக் கான் அறிவித்தார். நல்ல நோக்கத்துக்காக நடக்கும் கேலியிடம் இப்படிப்பட்ட எதிர்ப்பு எடுபடாது. புண்பட்டேன் என்று சொன்னால், அப்படியானால் நீ கொலைக்குத் துணைபோகிறாயா என்று கேட்பார்கள். உங்களிடமும் அதைத்தானே கேட்டார்கள்?

நீடிப்பதா விலகுவதா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதே விலகினால் சுவரொட்டி அப்படியே அச்சாகும், உங்கள் மனம் மட்டும் சுத்தமாக இருக்கும். அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். கூண்டில் அடைத்து முட்டைக்காக வளர்க்கப்படும் கோழி ஒன்றுக்குப் பல நாடுகளில் கிடைக்கும் இடம் ஒரு ஏ4 தாளைவிடச் சிறியது. ஐரோப்பிய ஒன்றியம் அந்த வகைக் கூண்டுகளை 2012 முதல் தடைசெய்திருக்கிறது. அதிர்ச்சிதான் வேண்டும் என்றால் ஒரு வெற்றுத் தாளை மேசைமேல் வைத்து, இதன்மேல் ஒரு ஆயுளைக் கழிக்க முடியுமா என்று கேளுங்கள். அதற்கு யாருடைய வயிறும் தேவைப்படாது.

அவர்கள் ஒப்புக்கொண்டால் வாசகத்தை எனக்கு அனுப்புங்கள், பிழை பார்த்துத் தருகிறேன். ஒப்புக்கொள்ளாவிட்டால் பிறகு விலகுவதைப் பற்றிப் பேசலாம்.