அரை மாத்திரைக்கான ஜெபம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் மாதம் ஒருநாள் உபவாச ஜெபம் நடக்கிறது. இந்த வருஷம் ‘ஆப்பிரிக்காவில் ஆதரவற்ற பிள்ளைகளும் அவர்களை வளர்ப்பவர்களும்’ என்ற பகுதியை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். 20 நிமிஷம். “ஆப்பிரிக்காவின் அநாதைப் பிள்ளைகளை ஆசீர்வதியும் ஆண்டவரே” என்று சொன்னதும் இரண்டு நிமிஷத்தில் ஜெபம் முடிந்துவிடுகிறது. மீதி நேரத்தைப் பாட்டுப் பாடி நிரப்புகிறோம். எங்களுக்குத் தெரிந்த ஊழியக் குடும்பம் ஒன்று உகாண்டாவில் மசாகா பக்கம் இருக்கிறது. அங்கே ஒரு அநாதை இல்லம் கட்டக் காணிக்கை சேர்க்கலாம் என்று சங்கத்தில் சிலர் சொல்கிறார்கள். பாரத்தோடு ஜெபிக்க நாங்கள் என்ன செய்ய வேண்டும்? இல்லம் கட்டலாமா?

ஒரு வாசகி, நாகர்கோவில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் சங்கத்தாருக்குப் பாரம் குறைவு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கேட்பதற்குக் கையில் விஷயம் இல்லாததால்தான் ஜெபம் இரண்டு நிமிஷத்தில் தீர்ந்துபோகிறது. யாக்கோபு எழுதிய வசனத்தில் ஒரு சொல்லைக் கவனியுங்கள்: “திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும் படுகிற உபத்திரவத்திலே அவர்களை விசாரிக்கிறதும்…” விசாரிப்பது என்றால் நம் ஊரில் என்ன? வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா, பள்ளிக்கூடப் பணம் கட்டியாச்சா, உங்களுக்கு முட்டுவலி எப்படி என்று கேட்பது. அந்தப் பதில்கள் கையில் இருந்தால் 20 நிமிஷம் போதாது.

முதலில் அந்த ‘அநாதை’ என்ற சொல். யுனிசெஃப் கணக்கில், 18 வயதுக்குள் தாயையோ தகப்பனையோ இருவரையுமோ இழந்த எல்லாப் பிள்ளைகளும் இதில் அடக்கம். ஆகவே நாம் கேள்விப்படும் பெரிய எண்ணிக்கைகளுக்குள் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார். இருவருமே இல்லாத பிள்ளைக்கும் அநேகமாக யாராவது ஒருவர் இருப்பார்: பாட்டி, பெரியம்மா, மாமா, சில வீடுகளில் பதினாறு வயது அக்கா. மசாகா பக்கம் பேசும் லுகாண்டா மொழியில் பெற்றோரை இழந்த பிள்ளை ‘முலேக்வா’. பாட்டிக்கும் தாத்தாவுக்கும் ‘ஜாஜா’. விக்டோரியா ஏரிக்கரையில், மசாகாவுக்குத் தெற்கே, கசென்செரோ என்ற மீனவர் ஊர் இருக்கிறது. 1982இல் உகாண்டாவில் எய்ட்ஸ் நோய் முதலில் கண்டறியப்பட்டது அங்கேதான். அந்த வட்டாரத்தில் நடுத்தலைமுறை அப்படியே சரிந்துபோனது. மகனையும் மருமகளையும் புதைத்த கிழவிகள் மறுபடி அடுப்பு மூட்டிப் பேரப்பிள்ளைகளை வளர்த்தார்கள். நகோமியைப் பற்றி ரூத்தின் புத்தகம் சொல்வதுபோல, “அதை வளர்க்கிற தாயானாள்.” அதனால் உங்கள் கூட்டத்தில் பிள்ளையையும் அதை வளர்ப்பவரையும் ஒரே வாக்கியத்தில் சொல்லி ஜெபியுங்கள். பிள்ளைக்காக மட்டும் ஜெபித்தால், அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் ஆள் நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார்.

பிறப்பிலேயே ஹெச்.ஐ.வி. தொற்றிய ஒரு கைக்குழந்தையை ஜாஜா வளர்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை 8 கிலோ. கிருமியை அடக்கும் மருந்துகள் தினமும் கொடுக்க வேண்டும்: டோலுடெகிராவிர் 10 மில்லிகிராம் மாத்திரை ஒன்றரை, கூடவே அபாகாவிர்-லாமிவுடின் குழந்தை மாத்திரை ஒன்றரை. இரண்டுமே தண்ணீரில் கரைபவை. 2021 முதல் உகாண்டா போன்ற நாடுகளுக்கு வந்த இந்த டோலுடெகிராவிர் மாத்திரைக்கு ஸ்ட்ராபெர்ரி சுவை உண்டு. தயாரிக்கும் கம்பெனிகளில் இந்தியக் கம்பெனியும் இருக்கிறது. இப்போது அந்த வீட்டுக்குள் பாருங்கள். கண் மங்கிய பாட்டி, கோடு போட்ட இடத்தில் மாத்திரையைச் சரியாக இரண்டாக உடைக்க வேண்டும். ஓரிரு டீஸ்பூன் சுத்தமான தண்ணீரில் கரைத்து, அரை மணி நேரத்துக்குள் குழந்தைக்குக் கொடுக்க வேண்டும். டம்ளரின் அடியில் ஒட்டியிருப்பதை இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் புகட்ட வேண்டும். நாள் தவறக் கூடாது. பிள்ளை வளர்ந்து 10 கிலோவைத் தொட்டால் இரண்டும் இரண்டிரண்டு மாத்திரையாகும். எடை பார்க்காமல் பழைய அளவிலேயே கொடுத்துக்கொண்டிருந்தால் மருந்து போதாது, கிருமி மருந்துக்குப் பழகிவிடும். மருந்தகம் தூரம். ‘போடா போடா’ என்கிற வாடகை மோட்டார் சைக்கிளுக்குக் காசு வேண்டும். காசில்லாத மாதம் மருந்தில்லாத மாதம்.

இதிலேயே உங்களுக்கு ஐந்து ஜெபக் குறிப்புகள் கிடைத்துவிட்டன: பாட்டியின் கண், சுத்தமான தண்ணீர், எடை பார்க்கும் நாள், வண்டிக்காசு, மருந்தகத்தில் கையிருப்பு. கடைசியாகச் சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் வீடு வீடாகப் போய் மருந்து சாப்பிட்டார்களா என்று பார்த்துவந்த பணியாளர்கள் வேலை இழந்தார்கள். இன்னொரு குறிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாட்டி நோயில் விழுந்தால் மாத்திரை கொடுக்கப்போகும் அந்த இரண்டாவது ஆள் யார்? ஊழியக் குடும்பத்திடம் இதைக் கட்டாயம் கேளுங்கள். பல வீடுகளில் இந்தக் கேள்வியை அதுவரை யாருமே கேட்டிருக்க மாட்டார்கள்.

சுகத்துக்காக ஜெபியுங்கள், தாராளமாக. ஆனால் “சுகமாயிற்று என்று விசுவாசித்து மாத்திரையை விட்டுவிடு” என்ற பேச்சு உங்கள் கூட்டத்தில் ஒருமுறைகூட எழக் கூடாது. மருந்தை நிறுத்தினால் சில வாரங்களில் கிருமி இரத்தத்தில் மறுபடி பெருகிவிடும். தொற்றோடு பிறந்து மருந்தே கிடைக்காத குழந்தைகளில் பாதிப்பேர் இரண்டு வயதுக்குள் இறந்துபோகிறார்கள்.

இதைவிடக் கடினமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ‘பரம்பரைச் சாபம்’, ‘குடும்பக் கட்டு’ ஆகிய சொற்கள் நம் ஜெபக் கூட்டங்களில் சர்வசாதாரணமாக வருகின்றன. ஆப்பிரிக்காவில் சில இடங்களில் இதே சொற்கள் பிள்ளைகளைத் தெருவுக்குத் துரத்தியிருக்கின்றன. காங்கோவின் கின்ஷாசாவிலும் நைஜீரியாவின் அக்வா இபோம் மாநிலத்திலும், தாய் தகப்பன் செத்ததற்கு இந்தப் பிள்ளைதான் காரணம், இது சூனியக்காரப் பிள்ளை என்று குற்றம் சாட்டி, பேய் ஓட்டுகிறோம் என்று பட்டினி போட்டு அடித்த ‘சபைகள்’ உண்டு. வலிப்பு உள்ள பிள்ளை, படுக்கையை நனைக்கும் பிள்ளை, மாற்றாந்தாய் வீட்டில் வளரும் பிள்ளை என்று பலவீனமானவர்கள் மேல்தான் இந்தப் பழி விழும். அக்வா இபோம் 2008இலும் காங்கோ 2009இலும் இப்படிக் குற்றம் சாட்டுவதைச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமாக்கின. ஆகவே, ஒரு பிள்ளையின் துயரத்துக்கு அந்தப் பிள்ளையின் இரத்தத்திலோ குடும்பத்திலோ காரணம் தேடும் எந்த வரியும் உங்கள் ஜெபத்தில் வேண்டாம். அங்குள்ள போதகர்கள் இதை எதிர்த்துப் பேசும் தைரியம் பெற வேண்டும் என்று ஜெபியுங்கள். பேசுகிற போதகர்கள் இருக்கிறார்கள்.

பெயரும் படமும் குறித்து: வாட்ஸ்அப் குழுவில் “இந்தப் பிள்ளைக்கு ஹெச்.ஐ.வி., ஜெபியுங்கள்” என்று படத்தோடு போடுவது, அந்தப் பிள்ளையே அறியாத ஒன்றை உலகத்துக்குச் சொல்வதாகும். தனக்கு என்ன நோய் என்று பல பிள்ளைகளுக்குப் பத்து வயதுவரைகூட யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மசாகாவில் இருப்பவர்களும் போன் வைத்திருக்கிறார்கள். ‘ஒன்பது வயதுப் பெண், அத்தை வளர்க்கிறார்’ என்றால் போதும். ஆண்டவருக்கு முகவரி தெரியும்.

இனி அந்த இல்லம். கட்ட வேண்டாம் என்பதே என் பதில். உலகெங்கும் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். அவர்களைப் பெரும்பாலும் வறுமைதான் அங்கே கொண்டு சேர்க்கிறது. கட்டிடம் எழுந்தால் கட்டில்களை நிரப்ப வேண்டும். படிப்பும் சாப்பாடும் இலவசம் என்றால் பாட்டி மனசில்லாமல் அனுப்பிவைப்பார். அண்ணன் ஒரு இடம், தங்கை ஒரு இடம் ஆவார்கள். லுகாண்டா பேசும் பகண்டா மக்களுக்குக் குலம் பெரிய விஷயம். குலத்தின் பெயர், அதன் சின்னம், பரம்பரை நிலம் எல்லாம் உறவோடு வளரும்போதுதான் கைக்கு வரும். இல்லத்தில் வளர்ந்து பதினெட்டு வயதில் வெளியே வரும் பையனுக்குச் சான்றிதழ் இருக்கும், போய் நிற்க ஒரு முற்றம் இருக்காது. உகாண்டாவில் ஹெச்.ஐ.வி. கண்ட தாய்மார் பலர், தாங்கள் இறப்பதற்கு முன் பிள்ளைகளுக்காக ஒரு நோட்டுப் புத்தகத்தில் குலம், தாத்தா பெயர், நீ பிறந்த நாள், உனக்குப் பிடித்த சாப்பாடு என்று எழுதிவைத்தார்கள். ‘நினைவுப் புத்தகம்’ என்று பெயர். அந்தத் தாய்மார் எதைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டுப் போக நினைத்தார்களோ, அதை நம் காணிக்கை அறுத்துவிடக் கூடாது. அண்டை நாடான ருவாண்டா 2012இல் இல்லங்களை மூடிப் பிள்ளைகளைக் குடும்பங்களில் சேர்க்க முடிவெடுத்தது. 68ஆம் சங்கீதமும் “தேவன் தனிமையானவர்களுக்கு வீடுவாசல் ஏற்படுத்தி” என்றுதான் சொல்கிறது.

காணிக்கை சேர்ந்தால், ஊழியக் குடும்பம் வழியாக வளர்ப்பவர்களின் சேமிப்புக் குழுவுக்கு உதவுங்கள். 1991இல் நைஜர் நாட்டில் தொடங்கி ஆப்பிரிக்கா முழுவதும் பரவிய முறை அது. நம் சுய உதவிக் குழுவுக்கு உறவுக்காரி, ஆனால் வங்கி இல்லை. 15 முதல் 25 பேர். மூன்று பூட்டுப் போட்ட ஒரு இரும்புப் பெட்டி. மூன்று சாவி மூன்று பேரிடம், பெட்டி நான்காவது ஆளிடம். பங்கு என்றால் குழுவே முடிவு செய்த ஒரு சேமிப்புத் தொகை. வாரந்தோறும் ஒருவர் ஒன்று முதல் ஐந்து பங்கு வரை வாங்கலாம். அவசரத்துக்குத் தனியே ஒரு சின்ன நிதி. வருஷக் கடைசியில் எல்லாவற்றையும் பிரித்துக்கொள்வார்கள். வெளிப்பணத்தைப் பெட்டிக்குள் கொட்டினால் குழு கெட்டுப்போகும், இது நம் பணம் என்ற பயம் போய்விடும். பெட்டி, கணக்குப் புத்தகம், பயிற்சி கொடுப்பவரின் செலவு, இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பங்கு பிரிக்கும் நாளை ஜனவரி கடைசிக்கு வைக்கச் சொல்லுங்கள். டிசம்பரில் பிரித்தால் கிறிஸ்துமஸோடு கரைந்துவிடும். உகாண்டாவில் பள்ளி பிப்ரவரியில் திறக்கிறது.

அங்குள்ள மாதங்கள் வேறு, அதற்கேற்ப ஜெபம் மாற வேண்டும். 1997 முதல் தொடக்கக் கல்விக்கு அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை என்றாலும், ஜனவரியில் சீருடையும் நோட்டும் மதியச் சாப்பாட்டுப் பணமும்தான் வீட்டில் பேச்சு. மார்ச் முதல் மே வரை மழை, அதன் பின்னாலேயே மலேரியா, கொசுவலை. ஜூன் 3 உகாண்டா இரத்தசாட்சிகளின் நாள். 1886இல் நமுகோங்கோவில் எரிக்கப்பட்டவர்களில் கிசிட்டோ என்ற பையனுக்குப் பதினான்கு வயது இருக்கும். ஜூன் 16 ஆப்பிரிக்கக் குழந்தைகள் நாள். நவம்பரில் ஏழாம் வகுப்புப் பொதுத் தேர்வு. அதே மாதம் இரண்டாம் ஞாயிறைப் பல நாட்டுச் சபைகள் பெற்றோரற்ற பிள்ளைகளுக்கான ஞாயிறாக வைக்கின்றன. ஜாம்பியாவில் ஒரு சபையில் தொடங்கிய வழக்கம் அது. இன்று உலகிலேயே கிறிஸ்தவர்கள் அதிகம் வாழும் கண்டம் ஆப்பிரிக்காதான். ‘இருண்ட கண்டம்’ என்று யாராவது ஜெபத்தில் தொடங்கினால் கூட்டம் முடிந்தபின் மெதுவாகச் சொல்லுங்கள், அந்த ஜாஜா விடியுமுன்னே எழுந்து முழங்காலில் நிற்கிறவர் என்று.

20 நிமிஷத்தை இப்படி வைத்துப் பாருங்கள். சங்கீதம் 68:5, 6 மட்டும் வாசிக்க ஒரு நிமிஷம். குறிப்புகளை வாசிக்க நான்கு. நான்கு வீடுகளுக்கு மேல் வேண்டாம், மனதில் நிற்காது. பிறகு இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒரு ஜோடிக்கு ஒரு வீடு என்று பத்து நிமிஷம். மீதி ஐந்தில் போன மாதக் குறிப்புகளுக்கு என்ன பதில் வந்தது என்று நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். இந்தக் கடைசி ஐந்தை விட்டுவிடத்தான் தோன்றும், விடாதீர்கள். ஜெபம் எளிமையாக இருக்கட்டும்:

“ஆண்டவரே, இந்த ஒன்பது வயதுப் பிள்ளையையும் அவளை வளர்க்கிற அத்தையையும் உம்மிடம் சொல்கிறோம். வியாழக்கிழமை மருந்தகத்துக்குப் போக வண்டிக்காசு கிடைக்கட்டும். போன இடத்தில் மருந்து இருக்கட்டும். அத்தைக்கு இன்று ராத்திரி நல்ல தூக்கம் கொடும்.”

ஊழியக் குடும்பத்துக்கு எழுதும்போது நான்கு கேள்வி போதும். வயது என்ன, யார் வளர்க்கிறார், எந்தத் தேதிக்குள் என்ன தேவை, வளர்ப்பவர் தனக்காக எதைக் கேட்டு ஜெபிக்கச் சொல்கிறார். நான்காவது கேள்விக்குப் பதில் வர நாளாகும், தனக்காக ஒன்றைச் சொல்ல அவர்களுக்குப் பழக்கம் இருக்காது. அதனால் கடிதம் இந்த வாரமே போகட்டும்.

அன்புடன்