மினிமம் கட்டினா கடன் குறையுதேன்னு சொல்ற கணக்கு வாத்தியாருக்கு

கேள்வி: வணக்கம் சார். தண்டையார்பேட்டைல வீட்டு மாடியில டியூஷன் எடுக்குறேன், பத்தாவது, பிளஸ் ஒன் கணக்கு. மாசம் 38,000 வரும், மே மாசம் பாதி கூட வராது. கிரெடிட் கார்டுல 1,20,000 நிக்குது. பெரும்பாலும் மச்சானுக்காக தேச்சது. காசிமேட்ல விசைப்படகுல பங்கு வெச்சிருக்கான், மீன்பிடி தடைக்காலம் வந்தா கைல காசு இருக்காது, முதல் வருஷம் 15,000 கேட்டான், அடுத்த வருஷம் 30,000, போன வருஷம் எஞ்சின் வேலைக்கு 60,000. மினிமம் டியூ, அதான் மாசம் குறைஞ்சபட்சம் கட்டணும்னு பேங்க் போடுற தொகை, தவறாம கட்றேன், லேட் ஃபீ ஒரு தடவை கூட விழுந்ததில்ல, கட்ட வேண்டிய தொகையும் கொஞ்சம் கொஞ்சமா குறையுது. 14 மாசமா மியூச்சுவல் ஃபண்டுல மாசம் 3,000 ரூபா எஸ்ஐபி போகுது, இப்ப 44,000 இருக்கு. அதை ஸ்டெப்-அப் எஸ்ஐபியா மாத்தி வருஷா வருஷம் 10% ஏத்தினா எல்லா கடனும் அடைஞ்சிடும்னு ஒரு ரீல்ஸ்ல சொன்னாங்க. மாத்தலாமா? இல்ல தெரிஞ்சவர்கிட்ட தண்டல், அதான் தினமும் திருப்பிக் கட்ற கடன், வாங்கி கார்டை அடைச்சிடலாமா? ஸ்டேட்மெண்ட் அனுப்பியிருக்கேன். ராத்திரி தூக்கமே இல்ல சார்.

பதில்: வாத்யாரே, கூட்டு வட்டி பத்தி உங்களுக்கு நான் பாடம் எடுக்குறது காசிமேட்டுக்காரருக்கு மீன் பாத்து வாங்க சொல்லிக்குடுக்குற மாதிரி, அதனால அதை விட்டுட்றேன். டீ செலவை குறைங்க, நோட்டு போட்டு கணக்கு எழுதுங்கன்னும் சொல்லப்போறதில்ல. 'கட்ட வேண்டிய தொகையும் கொஞ்சம் கொஞ்சமா குறையுது'ன்னு சந்தோஷமா ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, உங்க தூக்கத்தை கெடுக்குறதே அந்த வரி தான்.

ஸ்டேட்மெண்ட்ல வட்டி மாசம் 3.5%, அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி, ஆக 4.13%. 1,20,000க்கு ஒரு மாசத்துக்கு 4,956 ஏறுது. மொத்தம் 1,24,956, அதுல 5% மினிமம், 6,248 ரூபா. நீங்க கட்டின 6,248ல அசல்ல கழிஞ்சது வெறும் 1,292. சரி, 1,20,000ஐ 1,292ஆல வகுத்தா 93 மாசம், எப்படியோ முடிஞ்சிடும்னு மாசாமாசம் ஒரே தொகை கழியிற மாதிரி மனசுக்குள்ள ஒரு கூட்டுத் தொடர்வரிசை போட்டு வெச்சிருப்பீங்க. தப்பு சார், இது பெருக்குத் தொடர்வரிசை, மாசாமாசம் பாக்கிய ஒரே எண்ணால பெருக்குறது. பாக்கி 4.13% ஏறி 5% இறங்குது, பொது விகிதம் 0.9892. பாக்கி குறைய குறைய கழியிற தொகையும் சேந்து குறையுது. கடன் பாதியாகவே 64 மாசம் ஆகும், அதாவது அஞ்சு வருஷம் நாலு மாசம். நீங்க பூஜ்யம்னு நெனச்ச அந்த 93வது மாசத்துல 44,000 பக்கம் நின்னுக்கிட்டிருக்கும்.

மொத்தம் எவ்ளோ கட்டுவீங்க? முடிவிலா பெருக்குத் தொடரோட கூடுதல் தான், பத்தாவது புக்ல ரெண்டாவது பாடத்துலயே இருக்கு, முதல் உறுப்பு 6,248, கீழ ஒண்ணுல இருந்து பொது விகிதத்தை கழிச்சா 0.0108. சுமாரா 5,80,000 வருது. பேங்க்காரங்க கடைசியில 'குறைஞ்சது இவ்ளோ ரூபாயாவது கட்டணும்'னு ஒரு கோடு வெச்சிருப்பாங்க, அதனால முடிவிலி வரைக்கும் போகாது, கொஞ்சம் கம்மியாகும். ஆனா 1,20,000 கடனுக்கு 5 லட்சத்தை தாண்டி கட்றோம்ங்கிறது மாறாது.

இப்ப இதே கணக்குல ஒரே ஒரு மாத்தம் பண்ணி பாருங்க. மினிமம் எவ்ளோ குறைஞ்சு வந்தாலும் கண்டுக்காம மாசாமாசம் அதே 6,250 கட்றீங்கன்னு வெச்சுக்கோங்க. 39 மாசத்துல கடன் முடிஞ்சிடும், மொத்தம் 2,43,000 தான். முதல் மாசம் ரெண்டுலயும் கட்ற காசு ஒண்ணு தான் சார், வித்தியாசம் ரெண்டு ரூபா. கட்ற தொகைய அவங்க குறைச்சுக் குடுக்குறது உங்க மேல இருக்குற பாசத்துல இல்ல.

இன்னொண்ணு, பழைய பாக்கி நிக்கிற வரைக்கும் அந்த கார்டுல 45 நாள், 50 நாள் வட்டி இல்லாத டைம்லாம் கிடையாது, இன்னிக்கு பெட்ரோல் போட்டா இன்னிலேர்ந்தே வட்டி ஓடும். மளிகைக்கு தேய்க்கிறதை இன்னியோட நிறுத்துங்க.

ஸ்டெப்-அப் எஸ்ஐபி கெட்ட சமாச்சாரம் இல்ல, கடன் இல்லாதவனுக்கு. ரீல்ஸ்ல சொல்ற வருஷத்துக்கு 12% லாபத்தை அப்படியே நம்பினாலும் மாசம் 1%, காசு ரெட்டிப்பாக 70 மாசம். கார்டு பாக்கி கட்டாம விட்டா 17 மாசத்துல ரெட்டிப்பு. ஒரு பக்கம் 1.01, இன்னொரு பக்கம் 1.0413, எந்த தொடர் ஜெயிக்கும்னு உங்க பத்தாவது பசங்களே சொல்லிடுவாங்க, இதுல 3,000ஐ 3,300 ஆக்கி என்ன பண்ணப்போறீங்க. எஸ்ஐபிய நிறுத்துங்க, அந்த 44,000ஐயும் வித்து கார்டுல போடுங்க. கடைசி ஒரு வருஷத்துல வாங்கின யூனிட்டுக்கு, சீக்கிரம் எடுக்குறதுக்காக பெரும்பாலும் 1% எக்சிட் லோட் புடிப்பாங்க, 400 ரூபாய்க்குள்ள தான், போவட்டும்.

தண்டல் வேணவே வேணாம். 10,000னு பேரு, கைல 8,500 குடுப்பாங்க, தினம் 100 ரூபா, 100 நாள். 1,500 தானேன்னு தோணும். ஆனா தினமும் அசல் 85 ரூபா குறையுது, 100 நாள் பாக்கியெல்லாம் கூட்டினா 85ஐ 5,050ஆல பெருக்கணும், ஒண்ணுலேர்ந்து நூறு வரைக்கும் கூட்டினா வர்ற அதே 5,050. அது 4,29,250, அதுக்கு 1,500ன்னா நாளைக்கு 0.35%, மாசத்துக்கு பத்தரை சதவீதம். கார்டே 4.13 தான் சார்! கந்துவட்டி, மீட்டர் வட்டியோட சேத்து தண்டலையும் பேர் சொல்லித்தான் 2003ல தமிழ்நாட்டுல தடைச் சட்டம் போட்டாங்க.

அப்போ மிச்சம் 76,000க்கு என்ன வழி? வீட்ல ஒரு செயின் இருந்தா பேங்க்ல நகைக்கடன் வாங்கி கார்டை முழுசா அடைங்க. வட்டி வருஷத்துக்கு 12%னே வெச்சாலும், இப்ப மினிமத்துக்கும் எஸ்ஐபிக்கும் போற 9,248 கூட ஒரு 750 சேத்து மாசம் 10,000 கட்டினா எட்டு மாசத்துல செயின் வீட்டுக்கு வந்துடும், வட்டி 3,500க்குள்ள. மே மாசம் டியூஷன் காசு வராதுன்னா அந்த ஒரு மாசம் 5,000 கட்டுங்க, ஒம்போது மாசம் ஆகும், பரவால்ல. வருஷக் கடைசில மொத்தமா கட்றேன்னு மட்டும் வைக்காதீங்க, அப்பறம் வட்டிய அசலோட சேத்து திருப்பி வெப்பீங்க, அது மறுபடியும் அதே பெருக்குத் தொடர்.

இனி மச்சான். 15,000, 30,000, 60,000. அடுத்த உறுப்பு என்னன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? அவர் கஷ்டம் பொய் இல்ல, ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் படகு கரையிலயே நிக்கும், மராமத்து செலவும் அப்பதான் வரும், அரசு நிவாரணம் 8,000 ரூபா எந்த மூலைக்கு. ஆனா தடைக்காலம் திடீர்னு வர்ற புயல் இல்ல, வருஷா வருஷம் அதே தேதி. 200 நாள் கடலுக்கு போய் நாளைக்கு 150 ரூபா எடுத்து வெச்சாலே 30,000. இதை நீங்க சொன்னா 'மாமா கணக்கு பாக்குறாரு'ன்னு ஆயிடும், அதனால அவரோட அக்கா, அதான் உங்க வீட்டம்மா சொல்லட்டும், அடகுக்கு போறதும் அவங்க செயின் தானே. அவசரம்னா உங்க கைல இருக்குற காசுல 5,000 குடுங்க, கார்டை குடுக்காதீங்க.

கார்டு பாக்கி அடைஞ்ச அன்னிக்கே லிமிட்டை 20,000க்கு குறைக்கச் சொல்லி பேங்க்குல எழுதிக்குடுத்துட்டு வந்துடுங்க. அதுல 1,20,000 காலியா இருக்குன்னு காசிமேடு வரைக்கும் சேதி போக ஒரு நாள் கூட ஆகாது.