எக்ஸ்றே இருக்கேக்க உடம்புக்குள்ள கிடக்கிற துண்டைத் தேட ஏன் அல்ட்ராசவுண்ட்?

கேள்வியைப் பார்த்தால் ஏ/எல் பௌதிகம் படிக்கிற பிள்ளை போல இருக்கு. சமன்பாடு வேணுமெண்டால் வேற ஆக்கள் எழுதுவினம். நான் என்ர கெண்டைக்கால் கதையைச் சொல்லுறன்.

2009 இல, கடைசிச் சண்டை நேரம், முல்லைத்தீவு மாத்தளனில எங்கட பங்கருக்குப் பக்கத்தில செல் விழுந்தது. அண்ணாவுக்கு முதுகில பீஸ், அதுதான் செல் சிதறின இரும்புத் துண்டு, எனக்குக் காலில காயம். அவற்ற எக்ஸ்றேயில பீஸ் பளிச்செண்டு வெள்ளையா நிக்கும். வீட்டுக்கு வாற ஆக்களுக்கு யன்னல் வெளிச்சத்தில பிடிச்சுக் காட்டுவார். என்ர படத்தில ஒண்டுமில்லை. வருசக்கணக்கா அந்த இடம் வீங்கும், சீழ் வடியும், காயும், திரும்ப வீங்கும். மூண்டு தரம் எக்ஸ்றே எடுத்தது. "ஒண்டுமில்லைத் தம்பி, சும்மா யோசியாதையும்" எண்டார் ஒரு டொக்டர். வீட்டிலயும் அதே கதைதான். இரும்பு ஏறினவனுக்குத்தான் ஊரில மரியாதை.

கடைசியா ஒரு டொக்டர் அம்மா அல்ட்ராசவுண்ட் ஸ்கானுக்கு அனுப்பினா. திரையில சாம்பல் நிறச் சதைக்குள்ள ஒரு வெள்ளைக் கீறு, சுத்திவரக் கறுப்பாச் சீழ், கீறுக்குக் கீழ நீட்டுக்கு நிழல். பங்கருக்கு மேல அடுக்கின பனங்குத்தியின்ர சிராம்பு! ஒண்டரை அங்குலம்.

எக்ஸ்றேக்குத் தெரியிறது எது எவ்வளவு கதிரைத் தடுக்குது எண்டது மட்டும்தான். சதையும் ஊறின மரமும் அதுக்குக் கிட்டத்தட்ட ஒண்டு. அல்ட்ராசவுண்ட் அனுப்புற ஒலி அப்பிடியில்லை. ஒரு பொருள் முடிஞ்சு மற்றது தொடங்கிற இடத்தில, அடர்த்தியையும் ஒலி ஓடுற வேகத்தையும் பெருக்கின கணக்கு மாறினால் ஒரு பங்கு திரும்பி வந்திடும். சதைக்குள்ள செக்கனுக்கு 1540 மீற்றர் ஓடுது. 2 சென்ரிமீற்றர் ஆழத்தில பட்டுத் திரும்ப 26 மைக்ரோசெக்கன். அந்த நேரத்தை வைச்சுத்தான் ஆழம் சொல்லுது. ஜெல் பூசுறதும் சும்மா இல்லை: இடையில காத்து நிண்டால் தோலிலயே கிட்டத்தட்ட முழு ஒலியும் திரும்பிடும். தண்டவாளத்தில வெடிப்புத் தேடுறதும் இதே வேலைதான், அங்க வெடிப்புக்குள்ள நிக்கிற காத்தே காட்டிக் குடுக்குது.

எக்ஸ்றே கூடாதெண்டு நான் சொல்லேல்லை, சண்டைக்கு வராதேங்கோ. எலும்புக்குப் பின்னால கிடந்தால் ஸ்கானும் கையை விரிச்சிடும். அண்ணாவின்ர பீஸுக்கு எக்ஸ்றேதான் சரி.

வெட்டி எடுத்தாப் பிறகு அந்தச் சிராம்பைத் தாங்கோ எண்டு கேட்டன். குப்பையில போட்டாச்சாம். அண்ணா இப்பவும் படம் காட்டுறார்.