பழ டப்பா அப்படியே திரும்பி வருகிறது, பவுடர் வாங்கலாமா?

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். வீடு பெரம்பூரில். காய் என்றால் அவளுக்கு உருளைக்கிழங்கு வறுவல்தான். சாம்பாரில் உள்ள காயைத் தட்டோரம் ஒதுக்கிவிடுவாள். பள்ளிக்குக் கொடுத்துவிடும் ஆப்பிள் துண்டுகள் அப்படியே திரும்பி வருகின்றன. எங்கள் ஃபிளாட்ஸில் ஒரு வெல்னஸ் கோச் இருக்கிறார். மகளை ஒரு மெஷினைக் கையில் பிடிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "வைட்டமின் எல்லாமே கம்மி" என்றார். தினமும் 5 கிராம் காய்கறி, பழப் பவுடர் கலந்து கொடுத்தால் போதுமாம். மாதம் 3,600 ரூபாய். 1,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். மீதியைக் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். அட்வான்ஸையும் திருப்பிக் கேளுங்கள். எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. காய்கறியில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அரைக் கிலோ கேரட்டைக் காயவைத்துப் பொடித்தால் 50 கிராம் தேறும். அப்படியென்றால் 5 கிராம் பவுடர் எவ்வளவு காய்க்குச் சமம்? 50 கிராமுக்கு. ஒரு சின்னக் கேரட். மாதம் முழுக்கக் குடித்தாலும் ஒன்றரைக் கிலோ காய்தான், அதற்கு 3,600 ரூபாய்! அதுவும் டப்பாவில் இருப்பது மொத்தமும் காயாக இருந்தால். திருப்பிப் பின்பக்கம் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். முதல் இரண்டு பெயர்களில் மால்டோடெக்ஸ்ட்ரினோ (மாவுச்சத்திலிருந்து எடுக்கும் பொடி) சர்க்கரையோ இருந்தால் நீங்கள் வாங்குவது இனிப்பு மாவு.

அந்த மெஷின் உடம்பில் லேசான மின்சாரத்தை ஓடவிட்டுக் கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று குத்துமதிப்பாகச் சொல்லும், அவ்வளவுதான். வைட்டமினை அளக்க ரத்தம் எடுக்க வேண்டும். கையில் பிடித்து வைட்டமின் சொல்கிறவரும் கிளி ஜோசியரும் எனக்கு ஒன்றுதான். கிளி ஜோசியர் 3,600 ரூபாய் கேட்பதில்லை.

பார்க்க வேண்டிய பரிசோதனை ஒன்று இருக்கிறது: ஹீமோகுளோபின். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. மாதவிடாய் தொடங்கும் வயதில் இருக்கும் பெண்ணுக்கு இதைப் பார்த்துவிடுவது நல்லது. பக்கத்தில் இருக்கும் மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள். குறைவாக இருந்தால் டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை தருவார். கீரையை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள், இரும்பு உடம்பில் சேர விடாது.

சரி, டப்பா ஏன் திரும்பி வருகிறது? காலை ஏழு மணிக்கு வெட்டிய ஆப்பிள் மதியம் பழுப்பேறி, தயிர் சாத வாசனையும் சேர்ந்து இருக்கும். நீங்கள் சாப்பிடுவீர்களா? அத்தோடு தண்ணீர் பாட்டிலையும் பாருங்கள். அதுவும் நிரம்பியபடியே வருகிறது என்றால் விஷயம் பழம் இல்லை, பள்ளிக் கழிப்பறை. தாழ்ப்பாள் இல்லாத, தண்ணீர் வராத கழிப்பறைக்குப் பயந்து வாயையே கட்டிக்கொள்ளும் பெண் பிள்ளைகளை நான் வாரம்தோறும் பார்க்கிறேன். பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டம் விற்கக் கூடாது என்று 2020-லேயே விதி வந்தாயிற்று. சிப்ஸ் சரம் கடையில் இன்னும் தொங்குகிறது. நடைபாதை ஆக்கிரமிப்பு என்று விரட்டப்படுவது கொய்யாக்காய் விற்கும் பாட்டியின் வண்டி. யாரிடம் போய்ச் சொல்வது?

இன்னொன்று, பல்லில் கிளிப் போட்டிருக்கிறாளா? சிரிக்காதீர்கள். பழமே வேண்டாம் என்கிறாள் என்று ஒரு பெண்ணை என்னிடம் கூட்டி வந்தார்கள். நானும் இரண்டு மாதம் விதவிதமாக அட்டவணை போட்டுக் கொடுத்தேன். மூன்றாவது தடவை வந்தபோதுதான் அவள் வாயைத் திறந்து பேசினாள், கம்பி தெரிந்தது. கிளிப்பை இறுக்கிய பிறகு சில நாட்களுக்குப் பல் வலிக்கும், கடித்துத் தின்ன முடியாது. கொய்யா விதை கம்பியில் மாட்டும், பள்ளியில் வாய் கொப்பளிக்க வெட்கம். அவளுக்குப் பழம் பிடிக்காமல் இல்லை! அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அந்த நாட்களில் பப்பாளி, வாழைப்பழம், சப்போட்டா. ஆப்பிளையும் கொய்யாவையும் மெல்லிய வில்லையாகச் சீவி, கொய்யாவின் விதைப் பகுதியை எடுத்துவிட்டு, வீட்டில் மட்டும்.

கிளிப் இல்லை என்றாலும் பழத்தை டப்பாவிலிருந்து எடுத்துவிடுங்கள். மாலை நாலரைக்குப் பையை எறிந்துவிட்டு அடுப்படிக்கு வருகிறாளே, அந்தப் பசிதான் உங்கள் நேரம். பிஸ்கட் டப்பா எடுப்பதற்குள் வெட்டிய கொய்யாவும் மிளகாய்த்தூள் உப்பும் மேஜையில் இருக்கட்டும். ஸ்டிக்கர் ஒட்டிய ஆப்பிள்தான் சத்து என்று யாரோ உங்களை நம்பவைத்திருக்கிறார்கள். 100 கிராம் கொய்யாவில் வைட்டமின் சி 200 மில்லிகிராம் வரை உண்டு. ஆப்பிளில் பத்துகூடத் தேறாது. ஜூஸ் வேண்டாம், நார் வடிகட்டியில் போய்விடும், சர்க்கரை டம்ளருக்கு வரும். மாம்பழத்துக்குக் கார்பைடு கல் வைக்கிறார்கள் என்ற பயத்தில் பழத்தையே விடாதீர்கள். அது தடை செய்யப்பட்டது. சீசனுக்கு முன்பே மார்க்கெட்டுக்கு வரும் பழத்தைத் தவிர்த்து, மற்றதைக் கழுவிச் சாப்பிட்டால் போதும்.

காய்க்கு வருவோம். ஒரு நாளைக்கு 400 கிராம் காயும் பழமும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதில் உருளைக்கிழங்கு சேர்த்தி இல்லை. அந்த எண்ணை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். சாம்பாரில் வெந்து குழைந்த கத்தரிக்காயை அவள் ஒதுக்குகிறாள் என்றால், காயையா ஒதுக்குகிறாள், குழைவையா? மொறுமொறுவென்று வதக்கிய வெண்டைக்காய், எலுமிச்சை பிழிந்த வெள்ளரி, அடையில் முருங்கைக்கீரை என்று வேறு வேறு பதத்தில் கொடுத்துப் பாருங்கள். ஒரே காயைப் பத்துத் தடவை தட்டில் பார்த்த பிறகுதான் சில பிள்ளைகள் வாயில் வைப்பார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்பூன் போதும். திட்ட வேண்டாம், "இதைச் சாப்பிட்டால் போன்" என்ற பேரமும் வேண்டாம். அவள் அப்பா தட்டிலும் அதே காய் இருக்கட்டும். எடை குறைந்துகொண்டே போனாலோ, நான்கைந்து பண்டங்களைத் தவிர எதை வாயில் வைத்தாலும் குமட்டினாலோ டாக்டரிடம் போங்கள்.

இனி அட்வான்ஸ். பில் தந்தாரா? டப்பாவில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா? இரண்டையும் வாட்ஸ்ஆப்பிலேயே கேளுங்கள், எழுத்தில் இருக்க வேண்டும். பணம் திரும்பவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. "எல்லாரும் ஒரே ஃபிளாட்ஸ், எப்படிக் கேட்பது" என்று தயங்குவீர்கள். அந்தத் தயக்கம் தெரிந்துதான் அவர் உங்களிடம் வந்தார்.