நகையை அடகு வைக்க வேண்டாம், அம்மா

திருப்பூரிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகன் பிளஸ் டூ கணித-அறிவியல் பிரிவு முடித்திருக்கிறான், மார்க் சுமார்தான். ஆனால் மோட்டார் ஸ்டார்ட்டரைப் பிரித்து மாட்டுவதென்றால் சோறு தண்ணி மறந்துவிடுவானாம். தாய்மாமா மட்டும், மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கியே தீர வேண்டும் என்கிறாராம். அதற்கு நகையை அடகு வைக்கலாமா?

கூடாது அம்மா. நாலு வருஷம் வட்டி கட்டப்போவது நீங்கள், மாமா அல்ல. அதைவிட முக்கியம், நாள் முழுக்க கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் வேலையைப் பையன் கேட்கவே இல்லை.

உங்கள் ஊரிலேயே இருக்கும் ஒரு வேலையைச் சொல்கிறேன்: ஆலையின் பழைய மீட்டர்களையும் புதிய கட்டுப்பாட்டுக் கருவியையும் ஒன்றோடொன்று பேச வைப்பது. 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்துவது அங்கே தவிர்க்க முடியாததாகிவிட்டது. அப்படிப்பட்ட ஆலையில் தண்ணீர் ஓடும் அளவைக் காட்டும் ஃப்ளோ மீட்டர் பேசுவது 1979-இல் வந்த மோட்பஸ் என்ற கருவி மொழி. ஆலையை இயக்கப் புதிதாக வாங்கிய பிஎல்சி என்ற கட்டுப்பாட்டுக் கணினிக்கோ புரோபிநெட் என்ற வேறு மொழிதான் தெரியும். இரண்டுக்கும் நடுவே கேட்வே என்று ஒரு சின்னப் பெட்டி. ஒரு பக்கம் மீட்டர்களிடம் வரிசையாகக் கேட்டு வாங்கி, மறுபக்கம் பிஎல்சிக்குப் புரிகிற மாதிரி கொடுக்கும். ஓடுகிற மீட்டரையெல்லாம் கழற்றி எறிய வேண்டியதில்லை. முதலாளிக்கு அதுவே பெரிய மிச்சம்.

பெட்டியை மாட்டுவது எளிது, பேச வைப்பதில்தான் ஆள் தேவை. மீட்டரில் 120.5 ஓடும், திரையில் 0 நிற்கும். எதுவும் பழுதில்லை. அந்த எண் மீட்டருக்குள் ரெஜிஸ்டர் எனும் இரண்டு நினைவக அறைகளில் பாதி பாதியாக உட்கார்ந்திருக்கிறது, முன்பின்னாகப் படித்துவிட்டார்கள், அவ்வளவுதான். இன்னொரு இடத்தில் ரெஜிஸ்டரின் எண்ணை மீட்டரின் கையேடு 40001 என்று சொல்லும், கேட்வேயில் 0 போட வேண்டியிருக்கும். இரண்டு மீட்டருக்கு ஒரே முகவரி இருந்தால் பதில் குழம்பும். கேபிளின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் போடாமல் விட்டிருப்பார்கள், அல்லது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவின் மோட்டார் கேபிளை ஒட்டியே இழுத்திருப்பார்கள், சிக்னல் கெடும். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் பொறுமை ஸ்டார்ட்டர் பிரிக்கிற பையனிடம் இருக்கும்.

இதற்கு வழி பாலிடெக்னிக். இன்ஸ்ட்ருமென்டேஷன் இல்லாவிட்டால் மெகட்ரானிக்ஸ். பிளஸ் டூ முடித்தவன் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அரசுக் கல்லூரி என்றால் கட்டணத்துக்கு நகை தேவைப்படாது. அப்புறம் பி.இ. ஆசை வந்தால் அங்கேயும் இரண்டாம் ஆண்டில் நுழையலாம்.

ஒன்றை மறைக்க மாட்டேன். ஆரம்பச் சம்பளம் மாமா சொல்லும் ஐடி கணக்குக்கு வராது. ஆலை நின்றால் ராத்திரி ரெண்டு மணிக்கும் போன் வரும்.

சேர்ப்பதற்கு முன் பையனையும் கூட்டிக்கொண்டு போய் லேபைப் பாருங்கள். பிஎல்சி இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். அதில் வெளி மீட்டரை மாணவர்களே இணைத்து அதன் அளவை எடுத்துப் பார்க்கிறார்களா என்று கேளுங்கள். "டெமோ காட்டுவோம்" என்றால் அடுத்த கல்லூரிக்குப் போங்கள்.